வெண்டரிடம் கொடுப்பதற்கு முன்: தோட்டப்புற வழக்கறிஞர் அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் சம்பளப் பிடித்தம் பற்றிய வழக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செக்ரோல் என்னும் வருகை, சம்பளப் பதிவேடு, தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியின் கணினியில் எக்செல் கோப்பாகக் கிடக்கும். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு நேரத்துக் கட்டளைகள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் குரல் பதிவுகளாக இருக்கும். எடைமேடைக் காட்சி சிசிடிவியில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு ஹார்டிஸ்கில் போட்டு, மின்னணு ஆதாரங்களை நகலெடுத்துத் தேடித் தரும் கோலாலம்பூர் வெண்டருக்கு அனுப்பி, "வேண்டியதை எடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். வெண்டருக்குக் கருவி தெரியும். அந்தத் தோட்டத்தின் ஆட்களையும் பேச்சையும் வழக்கறிஞர்தான் அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் வாரத்தைக் கோட்டை விடுவது

சிசிடிவியின் டிவிஆர் பெட்டி, டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். கேமராக்கள் அதிகமாகவும் டிஸ்க் சிறியதாகவும் இருந்தால் சில வாரங்களிலேயே காட்சி போய்விடும். புலனத்தில் மறையும் செய்திகள் இயக்கப்பட்டிருந்தால் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று ஏதோ ஒரு கெடுவில் அவை அழியும். ஆகவே வழக்கை ஏற்ற அன்றே ஆதாரங்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லும் ஒரு பாதுகாப்புக் கடிதம் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். "எல்லா ஆவணங்களும்" என்று பொதுவாக எழுதாமல் எந்தக் கணினி, எந்தக் கேமரா, எந்தக் குழு, எந்தத் தேதி முதல் என்று குறிப்பிடுங்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி முதலாளி தொழிலாளர் பதிவேட்டை 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் கைப்பேசி உரையாடலை அந்த விதி காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

நம் கட்சிக்காரரிடமும் சொல்ல வேண்டும். புதிய கைப்பேசி வாங்கியதும் பழையதை ரீசெட் செய்து தம்பிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். அதில் போகும் ஆதாரத்தைப் பெரும்பாலும் திரும்ப எடுக்க முடியாது.

ஸ்கிரீன்ஷாட்டை நம்புவது

ஸ்கிரீன்ஷாட்டில் "தண்டல் மாமா" என்று பெயர் தெரியும், எண் தெரியாது. "நேற்று" என்றிருக்கும், தேதி இருக்காது. குறுக்கு விசாரணையில் முதலில் அடிபடுவது இவைதாம். புலனத்தின் ஏற்றுமதி வசதி இதைவிட மேல் என்றாலும் அதற்கும் வரம்பு உண்டு: படங்களோடு சுமார் 10,000 செய்திகள், படங்கள் இல்லாமல் சுமார் 40,000. ஒரு தோட்டக் குழுவில் இந்த எண்ணிக்கை வெகு சீக்கிரம் தாண்டும். மேலும் அது வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் யாரும் திறந்து ஒரு வரியை மாற்றிவிட முடியும். கைப்பேசியிலிருந்தே முறையான நகல் எடுத்து, எடுத்த உடனே எஸ்எச்ஏ-256 முத்திரை எண்ணை (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண்) கணக்கிட்டு, யார் எப்போது யாரிடம் கொடுத்தார் என்ற கைமாற்றுப் பதிவேட்டில் அதையும் எழுதுங்கள். படங்களைப் புலனம் வழியாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கும், எடுத்த நேரக் குறிப்பையும் நீக்கும். கேபிள் போட்டு மூலக் கோப்பையே எடுக்க வேண்டும்.

கணினி தந்த ஆவணங்களுக்கான, 1950 சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவுச் சான்றிதழில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வெண்டரின் பொறியாளர் தோட்ட அலுவலகத்தின் சம்பளப் பட்டியலுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறார். தான் நகல் எடுத்த விதத்துக்குத்தான் அவர் பொறுப்பேற்க முடியும். அந்தக் கணினி வழக்கமான பயன்பாட்டில் அந்தப் பட்டியலைத் தந்தது என்று சொல்ல, அதன் இயக்கத்தை நிர்வகிப்பவர் வேண்டும், பெரும்பாலும் பெரிய கிராணி அல்லது அலுவலக நிர்வாகி. சான்றிதழ் இல்லாவிட்டால் வாய்மொழிச் சாட்சியத்தாலும் நிரூபிக்கலாம் என்று 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் விசாரணை வரும்போது அந்தக் கிராணி பணி ஓய்வு பெற்று ஜொகூரில் மகள் வீட்டில் இருக்கக்கூடும். கையெழுத்தை முன்பே வாங்கிவிடுங்கள்.

தேடுசொல் பட்டியலை வெண்டரிடம் விடுவது

எங்கள் கணிப்பில் வழக்கை அதிகம் கெடுப்பது இதுதான். வெண்டரின் மென்பொருள் "சேலரி" என்று ஆங்கிலத்தில் தேடும், பத்துப் பதினைந்து செய்திகள் வரும், வேலை முடிந்தது என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். தொழிலாளி அந்தச் சொல்லைப் பயன்படுத்தியே இருக்க மாட்டார். சம்பளம் என்பதை ஆங்கில எழுத்தில், வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியே தட்டியிருப்பார். அடுத்தவர் "காஜி" என்று மலாயில் எழுதியிருப்பார். பிடித்தம் "போத்தோங்" ஆகியிருக்கும். "வேலை"யை ஒருவர் 'வி'யில் தொடங்குவார், இன்னொருவர் 'டபிள்யூ'வில் தொடங்குவார், கடைசி ஐகாரத்தைப் பலர் விட்டுவிடுவார்கள்.

முதலில் ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவர் 500 செய்திகளை உட்கார்ந்து படிக்கட்டும். கண்ணில் படும் எல்லா எழுத்து வடிவங்களையும் குறித்துக்கொள்ளட்டும். கோப்பில் உள்ள எல்லாச் சொற்களின் பட்டியலையும் வெண்டரிடம் கேட்டு வாங்கினால், நினைத்தே பார்க்காத வடிவங்களும் அதில் தென்படும். தேடிய பிறகு சிக்காத செய்திகளிலிருந்தும் ஒரு 200-ஐ எடுத்துப் படியுங்கள். முக்கியமானது அங்கே கிடந்தால் பட்டியல் போதவில்லை. ஆட்களுக்கும் இப்படியே: அடையாள அட்டைப் பெயர், பட்டப்பெயர், பழைய எண், புதிய எண் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

பழைய தொழிற்சங்கச் சுற்றறிக்கையோ கோயில் கமிட்டிக் குறிப்போ வந்தால் எழுத்துருவையும் பாருங்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி போன்ற குறியேற்றங்களில் தட்டியவை, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். "கெட்டுப்போன கோப்பு" என்று வெண்டர் ஒதுக்கிவிடுவார். மாற்றிக் கொடுத்தால் அத்தனையும் படிக்கக் கிடைக்கும்.

நேரமும் அப்படித்தான். மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியது. மென்பொருளின் அமைப்பில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் காலை 5.45 பெரட்டுச் செய்தி முந்திய நாள் இரவு 9.45 என்று அறிக்கையில் அச்சாகும்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது

கட்டணம் ஜிபி கணக்கில் என்றால் எந்த ஜிபி என்று கேளுங்கள். நாம் கொடுக்கும் 40 ஜிபி சுருக்கக் கோப்பு விரித்த பின் 70 ஆகலாம். தரவைச் சேமித்து வைப்பதற்கான மாதாந்திரக் கட்டணம் வழக்கு ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஏறும். அதே வெண்டர் எதிர்த்தரப்புத் தோட்ட நிறுவனத்துக்கும் வேலை செய்கிறாரா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்கும் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவை, 127-ஆம் பிரிவு மொழிபெயர்ப்பாளருக்கும் வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் நீட்டிக்கிறது. வெளி வெண்டரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எனவே ரகசிய ஒப்பந்தம் தனியாக வேண்டும், அவர் குரல் பதிவுகளை எழுத வேறு ஆட்களுக்குக் கொடுத்தால் அவர்களையும் அது கட்டுப்படுத்த வேண்டும். தனிநபர் தரவுச் சட்டத் திருத்தத்தின்படி 2025 ஜூன் முதல், கசிவு நேர்ந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டிய கடமை இருக்கிறது. வெண்டர் நமக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அந்தக் கெடுவுக்குள் வேலை நடக்கும்.

எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் முன் எக்செலில் மறைத்த நெடுவரிசைகளைத் திறந்து பாருங்கள். பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் போட்ட இடத்தைப் பிரதி எடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். எழுத்து வந்தால் அது மறைக்கப்படவே இல்லை. தமிழ்க் குரல் பதிவுகளுக்கு எழுத்து வடிவமும் சான்றளித்த மலாய் மொழிபெயர்ப்பும் வேண்டும், அதற்கான வாரங்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள்.

இன்னொன்று: தொழிலாளியிடம் இருப்பது ஒரே கைப்பேசிதான். கோலாலம்பூருக்கு அனுப்பி இரண்டு வாரம் வைத்துக்கொண்டால் அவருக்கு வேலை அழைப்பும் வராது, பிள்ளையின் பள்ளிச் செய்தியும் வராது. வெண்டரை உங்கள் அலுவலகத்துக்கே வரவழைத்து, காலையில் வாங்கிய கைப்பேசியை நகல் எடுத்து மாலையில் திருப்பிக் கொடுக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.