பல் மருத்துவ உதவியாளர் ஆக விரும்புவோருக்கு: சேர்க்கைத் தகுதிகளும் பயிற்சியும்

வலக்கைப் பழக்கமுள்ள பல் மருத்துவர் ஒருவர் சொத்தைப்பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போது, நோயாளிக்கு இடப்பக்கம் அமர்ந்து, வாயில் தேங்கும் நீரையும் எச்சிலையும் சக்‌ஷன் குழாயால் இழுத்துக்கொண்டே, அடுத்து வேண்டிய கருவியை அவர் கேட்பதற்கு முன் எடுத்து நீட்டுபவரே பல் மருத்துவ உதவியாளர். 1885ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர், மால்வினா குவேரியா என்ற பெண்ணைத் தம் சிகிச்சை அறையில் உதவிக்கு அமர்த்தியதை இத்தொழிலின் தொடக்கமாகக் கூறுவது வழக்கம். பல்லில் படிந்த காரையைச் சுரண்டி நீக்கும் பல் சுகாதாரப் பணியாளரும், செயற்கைப் பற்களைச் செய்து தரும் தொழில்நுட்பரும் வேறு. அவர்களுக்கான படிப்புகளும் வேறு. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் தவறான படிப்புக்கு விண்ணப்பித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவே இதை முதலில் குறிப்பிடுகிறேன்.

பயிற்சி நிலையத்தைத் தேடுவதற்கு முன், எந்த நாட்டில் அல்லது மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொண்டு, அந்த இடத்தின் விதியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். பிரிட்டனில் இப்பணி டெண்டல் நர்ஸ் என்று அழைக்கப்படுகிறது. 2008ஆம் ஆண்டிலிருந்து அங்கே பல் மருத்துவப் பொதுக்குழுவில் பதிவு செய்துகொள்ளாமலோ, பதிவுக்கு வழிவகுக்கும் பயிற்சியில் இல்லாமலோ இவ்வேலையைச் செய்ய இயலாது. அமெரிக்காவில் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: சில மாநிலங்களில் மருத்துவரிடம் நேரடியாகச் சேர்ந்து வேலையிலேயே கற்றுக்கொள்ளலாம், வேறு சிலவற்றில் எக்ஸ்ரே எடுப்பதற்கு மட்டும் தனிச் சான்று கேட்பார்கள். அந்நாட்டின் பல் மருத்துவ உதவியாளர் தேசிய வாரியம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வை எழுத, அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும்; அல்லது பள்ளிப் படிப்போடு 3,500 மணி நேரப் பணி அனுபவம் காட்ட வேண்டும்.

விளம்பரத்தில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று இருப்பதைப் பார்த்தவுடன், அந்த அங்கீகாரம் நிறுவனத்துக்கா, அது நடத்தும் வேறொரு படிப்புக்கா, இந்தப் படிப்புக்கா என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால், ஒழுங்குமுறை அமைப்பு வெளியிட்டிருக்கும் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாத படிப்புக்குக் கட்டணம் குறைவு என்பது சேர்வதற்கு ஒரு காரணமே அல்ல.

சேர்க்கைக்குப் பெரும்பாலும் பள்ளி இறுதித் தேர்ச்சி போதும். உயிரியல் படித்திருந்தால் உடற்கூறு வகுப்புகள் எளிதாக இருக்கும். படிக்காதவர்களும் முதல் சில வாரங்கள் சற்றுக் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடுகிறார்கள். கதிர்வீச்சு தொடர்பான வேலை இருப்பதால் பல இடங்களில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள். மதிப்பெண் பட்டியல், அடையாளச் சான்று, உடல்தகுதிச் சான்று ஆகியவை வழக்கமானவை. குழந்தைகளுக்கும் சிகிச்சை அளிக்கும் பணி என்பதால் சில இடங்களில் காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டு. அடிப்படை உயிர்காப்புச் சான்றும் கேட்கப்படலாம். 30 முறை நெஞ்சை அழுத்தி 2 முறை மூச்சு கொடுக்கும் அந்தப் பயிற்சியை ஒரே நாளில் முடித்துவிடலாம்.

ஒரே நாளில் முடிக்க இயலாதது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. இரத்தத்தின் வழியாகப் பரவும் இந்நோய்க்கு எதிரான வழக்கமான மூன்று தவணைகள் முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்ற இடைவெளியில் போடப்படுகின்றன. கடைசித் தவணைக்கு ஒன்று முதல் இரண்டு மாதங்கள் கழித்து இரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது என்று கொள்வார்கள். ஆக, இதற்கு மட்டும் ஏழெட்டு மாதங்கள் ஆகும். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு முதல் ஊசியைப் போட்டுக்கொள்பவர், வகுப்பில் அமரலாமே தவிர, நோயாளியின் பக்கத்தில் நிற்க அனுமதி கிடைக்காமல் காத்திருக்க நேரலாம்.

முழுநேரச் சான்றிதழ்ப் படிப்புகள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடிந்துவிடும்; பட்டயப் படிப்பானால் இரண்டு ஆண்டுகள் வரை நீளும். படிப்பின் கால அளவைவிடச் செய்முறை நேரத்தைக் கவனிப்பதே அறிவு. அமெரிக்க அங்கீகார நெறிகள் குறைந்தது 900 மணி நேரப் பயிற்சியையும், அதற்குள் 300 மணி நேரம் சிகிச்சைக்கூட அனுபவத்தையும் கோருகின்றன. வேறு நாட்டில் படிப்பவர்களும் இந்த விகிதத்தை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். செய்முறைக்கான இடத்தை நிறுவனமே ஏற்பாடு செய்யுமா, நீங்களே தேடிக்கொள்ள வேண்டுமா என்பதையும் கட்டணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் கற்பிக்கப்படுவது பற்களின் எண். உலகின் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் இரட்டை இலக்க முறையில், முதல் இலக்கம் வாயை நான்காகப் பிரித்ததில் எந்தப் பகுதி என்பதையும் இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கும். 16 என்பது மேல் வலப்பக்கத்தின் முதல் பெரிய கடைவாய்ப்பல். அதை ‘பதினாறு’ என்று படிக்காமல் ‘ஒன்று, ஆறு’ என்று படிக்கப் பழக்குவார்கள். அமெரிக்காவில் 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணும் முறையில் அதே 16, மேல் இடப்பக்கத்தின் கடைசி ஞானப்பல். மருத்துவர் சொல்லச் சொல்லப் பதிவேட்டில் எழுதுபவர் உதவியாளர் என்பதால், எந்த முறை என்று தெரியாமல் எழுதிய ஓர் எண் வேறொரு பல்லைப் பிடுங்குவதில் போய் முடியலாம்.

பயிற்சியில் அதிக நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டியது கிருமிநீக்கம். பயன்படுத்திய கருவியைக் கழுவி, உலர்த்தி, பையிலிட்டு ஒட்டி, ஆட்டோகிளேவில் 121 அல்லது 134 டிகிரி செல்சியஸ் நீராவியில் உரிய நேரம் வைத்து எடுப்பது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். தவறு ஒவ்வொரு படியிலும் நுழையும். இரத்தம் காய்ந்து ஒட்டிய கருவிக்கு நீராவி கிருமிநீக்கம் செய்யாது. பைகளை நெருக்கி அடுக்கினால் நீராவி இடையில் புகாது. ஈரம் காயாத பையை எடுத்து மேசைமேல் வைத்தால், ஈரத்தின் வழியே வெளிக்கிருமி உள்ளே ஊறிவிடும். பையின்மேல் உள்ள குறி நிறம் மாறியதைக் கண்டதும் வேலை முடிந்தது என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். அந்த நிறமாற்றம் பை சூட்டுக்கு உட்பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. கிருமி உண்மையில் செத்ததா என்பதை சூட்டை எளிதில் தாங்கும் நுண்ணுயிர் வித்துகளை உள்ளே வைத்து வாரந்தோறும் செய்யப்படும் வித்துச் சோதனைதான் காட்டும். நீங்கள் பார்க்கப் போகும் நிலையத்தில் அந்தச் சோதனைக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டத் தயங்கும் இடத்தில் மற்றவற்றையும் சரியாகக் கற்றுத் தருவார்கள் என்று நான் நம்ப மாட்டேன்.

ஊசியை மூடுவதும் இதே அளவு முக்கியம். ஒரு கையில் மூடியும் மறுகையில் ஊசியுமாக வைத்து மூடக் கூடாது. மூடியைத் தட்டில் கிடத்தி, ஒற்றைக் கையால் ஊசிமுனையை அதற்குள் நுழைத்து அள்ளி எடுக்க வேண்டும்.

நாற்காலியருகே செய்யும் பணியைக் கடிகார முகப்பைக் கொண்டு விளக்குவார்கள். நோயாளியின் தலை 12 மணி என்றால், வலக்கை மருத்துவரின் உதவியாளருக்கு உரிய இடம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே. கண் மட்டம் மருத்துவருடையதைவிடச் சுமார் 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் இருந்தால்தான் வாய்க்குள் தெளிவாகத் தெரியும். கருவிகளை முகத்துக்கு மேலாக நீட்டாமல் மோவாய்க்குக் கீழே, மார்புக்கு மேலாகவே கைமாற்ற வேண்டும். கூர்முனை நழுவினால் கண்ணில் விழக் கூடாது. சக்‌ஷன் முனை நாக்கின் பின்பகுதியையோ, வாய்க்கூரையின் பின்பக்கத்து மென்அண்ணத்தையோ தொட்டால் நோயாளிக்குக் குமட்டும். இதை மாணவர்கள் ஒருவர் வாயில் ஒருவர் வைத்துப் பழகும்போதுதான் முழுமையாக உணர்கிறார்கள்.

எக்ஸ்ரே பாடத்தில் இரண்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தொடரும்: எடுக்கும்போது தடுப்புக்குப் பின்னாலோ, கதிரின் பாதையைவிட்டு விலகி 2 மீட்டர் தள்ளியோ நிற்க வேண்டும், நோயாளியின் வாயில் உள்ள ஃபிலிமையோ சென்சாரையோ உதவியாளர் தம் கையால் பிடிக்கக் கூடாது.

வேலையிலேயே கற்கும் வழி சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடத்தில் அதுவும் நல்ல வழியே. அவ்வாறு சேர்பவர் முதல் நாளிலிருந்தே செய்த பணிகளையும் மணி நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வாரந்தோறும் மருத்துவரின் கையொப்பம் பெற்று வர வேண்டும். ஆண்டுகள் கழித்துச் சான்றிதழ்த் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, இடையில் மருத்துவர் மாறியிருந்தாலும், அந்தப் பக்கங்கள் அனுபவத்துக்குச் சான்றாகும்.

எந்த வழியானாலும், விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு நாள் சிகிச்சை அறையில் பார்வையாளராக இருக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். பல் பிடுங்கும்போது தலை சுற்றுகிறதா, குனிந்தபடியே மூன்று மணி நேரம் அமர முடிகிறதா என்பதை எந்த நேர்காணலும் உங்களிடம் கேட்காது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டுச் செல்லுங்கள். ஒத்துவரும் என்று தோன்றினால், விண்ணப்பப் படிவத்தை வாங்கும் அதே வாரத்தில் தடுப்பூசியின் முதல் தவணையையும் போட்டுக்கொள்ளுங்கள்.