பழைய சீருடையிலிருந்து ஒரு போர்வை: முன்னாள் படைவீரர் குடும்பத்துக்காகத் தைக்கும் முறை

முன்னாள் படைவீரர் ஒருவருக்கோ, பணியில் உயிர்நீத்தவரின் குடும்பத்துக்கோ கையால் ஏதேனும் செய்து தர விரும்புவோர் பெரும்பாலும் கொடியின் நிறங்களையும் நட்சத்திரங்களையும் தேடிப் போகிறார்கள். அத்தகைய பொருளை எந்த வீரருக்கும் கொடுத்துவிடலாம். அவர் உடுத்திய சீருடைத் துணியில் தைத்த போர்வையோ அவருக்கு மட்டுமே உரியது.

கத்தரிக்கோலை எடுக்குமுன் குடும்பத்தாரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: எந்த உடையை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது, துவைக்கலாமா. கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இறந்தவரின் வாசனை இன்னும் தங்கியிருக்கிறது என்பதற்காகவே ஒரு சட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. ஒருமுறை துவைத்தால் அது போனதுதான். அப்படிப்பட்ட சட்டையை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள். விழாச் சீருடையையும் வெட்டாமல் விடுவதே நல்லது. அன்றாடப் பணிக்கு அணிந்த உடையே இதற்கு ஏற்றது. வெட்டப்போகும் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் துவைத்து உலர்த்திய பின், தையல்களைப் பிரித்துப் பகுதிகளைத் தனித்தனியாக விரியுங்கள். 13 அங்குலச் சதுரங்களாக வெட்டி, நான்கு ஓரங்களிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்து முடித்தபின் ஒவ்வொன்றும் 12 அங்குலமாக நிற்கும். வரிசைக்கு 5 வீதம் 6 வரிசைகள் சேர்த்தால் 60-க்கு 72 அங்குலப் போர்வை கிடைக்கும். மெல்லிய துணிக்குக் கால் அங்குலம் போதும் என்பார்கள். சீருடைத் துணி தடிமனானது என்பதால் அரை அங்குலமே பாதுகாப்பு. சீருடை போதாவிட்டால் இடையிடையே ஒற்றை நிறப் பருத்தித் துணியைச் சேருங்கள். ஜீன்ஸ் துணிக்குரிய தடித்த ஊசியும் பாலியஸ்டர் நூலும் வேண்டும். செயற்கை இழை கலந்த துணி அதிகச் சூட்டில் பளபளத்துவிடும். அதன்மேல் பருத்தித் துணியொன்றை விரித்து, மிதமான சூட்டில் தேயுங்கள்.

பெயர்ப் பட்டையையும் சட்டைப் பைகளையும் பிரித்தெடுக்காமல், அவை சதுரத்தின் நடுவில் அமையுமாறு வெட்டுவதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. முழங்கைக் கிழிசலுக்கு அவரே போட்ட ஒட்டு, வெயிலில் வெளுத்த தோள், மையொழுகிய பை ஓரம் ஆகியவற்றை மறைக்கவோ சீர்படுத்தவோ முயல வேண்டாம். குறையென்று நாம் ஒதுக்கும் சதுரத்தைத்தான் வீட்டார் முதலில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பதக்கங்களைப் போர்வையில் தைக்கக் கூடாது. அவற்றுக்குக் கண்ணாடி முகப்புள்ள ஆழமான சட்டப்பெட்டி ஒன்றைச் செய்யலாம். கம்பளித் துணியிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்பதால், உட்புறத்துக்குச் சாயம் போகாத பருத்தித் துணியே ஏற்றது. பதக்கங்களைப் பசையால் ஒட்டாமல் நூலால் கட்டுங்கள். பளபளப்பாக்கவும் வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு துடைப்பிலும் பொறிப்பு சிறிது தேயும். நாடாக்கள் வெளிச்சத்தில் வெளுக்கும். பெட்டியைச் சன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். புகைப்படம், கடிதம் ஆகியவற்றின் நகலை மட்டும் உள்ளே வைத்து, மூலத்தைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுங்கள்.

வீரர் உயிருடன் இருந்து, அவருக்கும் விருப்பமிருந்தால், அவரையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1922-இல் ஜார்ஜ் ஹவ்சன் என்பவர் லண்டனில் தொடங்கிய பாப்பி மலர்ப் பட்டறையில், போரில் இறந்தோர் நினைவாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் செயற்கை மலர்களைச் செய்தவர்கள், முதல் உலகப் போரில் ஊனமுற்றுத் திரும்பிய வீரர்களே. தைக்க முடியாதவரும் சதுரங்களைத் தரையில் பரப்பி, எது எதற்கு அருகில் வர வேண்டுமென்று சொல்லலாம். அப்போது கதைகள் தாமாக வந்தால் கேளுங்கள். வராவிட்டால் துருவ வேண்டாம்.

போர்வையின் பின்புற மூலையில் ஒரு பருத்தித் துண்டைத் தைத்து, அவர் பெயர், பதவி, பணியாற்றிய ஆண்டுகள், தைத்தவர் பெயர் ஆகியவற்றை நூலால் எழுதுங்கள். எழுத்துகளையும் எண்களையும் முன்கூட்டியே குடும்பத்திடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். கொடுக்கும்போது, மீந்த துணித் துண்டுகளையும் கழற்றிய பொத்தான்களையும் ஒரு பையில் போட்டுச் சேர்த்தே கொடுங்கள். எதை எறிவது, எதை வைத்துக்கொள்வது என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.