தூக்கிய ஹைலக்ஸில் முன் ஆர்ம்: எதைத் தளர்த்துவது, எப்போது முறுக்குவது

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டு மலேசியாவின் காராக் நெடுஞ்சாலையில் ஏறினால் மாற்றம் முதலில் ஸ்டீரிங்கில்தான் தெரியும். நேர்ச்சாலையில் வண்டி இப்படியும் அப்படியும் அலையும். வளைவு முடிந்தாலும் ஸ்டீரிங் தானாக நடுவுக்கு வராது. டயர் கடையில் பெரும்பாலும் டோ என்ற கோணத்தை மட்டும் திருத்தி அனுப்பிவிடுவார்கள். அலைச்சல் போகாது, ஏனென்றால் குறை சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் ஆர்மில் இருக்கிறது.

இங்கே சொல்வது 2005 முதல் வந்த ஹைலக்ஸுக்கு, அதாவது காயில் ஸ்பிரிங்கும் மேலும் கீழும் ஒவ்வோர் ஆர்மும் உள்ள முன்பக்கத்துக்கு. அதற்கு முந்தைய வண்டிகளின் அமைப்பு வேறு. தூக்கும் வேலையில் இறங்குமுன் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) எந்த அளவுக்கு அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் டிரைவ் ஷாஃப்டின் கோணம் அதிகமாகி, ரப்பர் பூட் கிழிந்து ஜாயிண்ட்டும் தேயும்.

மூன்று கோணங்கள்

கேஸ்டர் என்பது ஸ்டீரிங் திரும்பும் அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு. சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டில் பார்த்தால் புரிந்துவிடும். வண்டியைத் தூக்கும்போது இது குறைகிறது. அலைச்சலுக்கு முதல் காரணம் இதுதான். கேம்பர் என்பது முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா (நெகட்டிவ்) வெளியே சாய்ந்திருக்கிறதா (பாசிட்டிவ்) என்பது. டோ என்பது இரண்டு டயர்களின் முன்முனைகள் ஒன்றையொன்று நோக்குகின்றனவா (டோ இன்) விலகுகின்றனவா (டோ அவுட்) என்பது.

கீழ் ஆர்ம் சேஸியோடு சேரும் இரண்டு இடங்களிலும் கேம் போல்ட் இருக்கிறது. போல்ட்டைத் திருப்பினால் அதோடு சேர்ந்த, மையம் விலகிய வட்டு ஆர்மை உள்ளேயோ வெளியேயோ தள்ளும். கேஸ்டரும் கேம்பரும் இங்கேதான் மாறும். இரண்டு அங்குலம் தூக்கிய வண்டியில் பல சமயம் இந்த வட்டின் எல்லை போதாது. அதனால்தான் கேஸ்டர் கூட்டி வடிவமைத்த மேல் ஆர்மைத் தனியாக வாங்கிப் போடுகிறார்கள்.

முதல் நாள்

எல்லாக் கேம் போல்ட்டிலும் துரு கழற்றும் எண்ணெயை அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். உலு லங்காட் ஆறுகளில் இறங்கி ஏறிய வண்டி என்றால் இரண்டு இரவு. சேற்றுத்தண்ணீர், ஆர்மின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ்ஷின் உள்குழாய்க்குள் புகுந்து போல்ட்டை அப்படியே பிடித்துக்கொள்ளும். நெருப்பு வைத்துச் சூடாக்கினால் ரப்பர் போய்விடும். அசையவே அசையாத போல்ட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்கு மாற்றுப் போல்ட், வட்டு, புஷ் மூன்றும் கையில் இருக்க வேண்டும். இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம் வெட்டத் தொடங்கினால் வண்டி அங்கேயே நிற்கும்.

சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் டயர் காற்றைச் சமப்படுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த எண் இல்லாமல் பின்னால் வரும் முக்கியமான வேலை நடக்காது. வட்டுகள் இப்போது எந்தக் கோட்டில் நிற்கின்றன என்பதையும் பெயிண்டால் குறித்துப் படம் எடுத்துவையுங்கள்.

மேல் ஆர்மை மாற்றுவது

சேஸியை ஜாக் ஸ்டேண்டில் உட்காரவைத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஆர்மில் மாட்டியிருக்கும் ஏபிஎஸ் வயரை முதலில் விடுவியுங்கள். அதை மறந்து இழுத்துவிட்டால் சென்சார் வயரோடு வந்துவிடும். ஆர்மின் வெளிமுனையிலுள்ள பால் ஜாயிண்ட்டின் நட்டை முழுவதும் எடுக்காமல் சில சுற்று விட்டுவைத்து, புல்லர் என்ற கருவியால் பிரியுங்கள். புல்லர் இல்லையென்றால் ஜாயிண்ட் உட்கார்ந்திருக்கும் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பக்கவாட்டில் சுத்தியலால் அடிக்கலாம். ஜாயிண்ட்டின் மரையில் மட்டும் அடிக்காதீர்கள்.

பிரிந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழப் பார்க்கும். விழுந்தால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட்டும் பிரிந்துபோகலாம். கயிற்றால் கட்டிவைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். ஷாக்கின் தலையில் நடுவில் இருக்கும் நட்டை எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது. அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கை அதுதான் பிடித்துவைத்திருக்கிறது.

புதிய ஆர்மில் இடம் வலம் உண்டு. பால் ஜாயிண்ட் சற்றுப் பின்னால் தள்ளி இருக்கும்படிதான் மாட்ட வேண்டும். மாற்றிப் போட்டால் இருந்த கேஸ்டரும் போய்விடும். மரையுள்ள, நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் வைத்துத் தொடங்குங்கள். சேஸிப் பக்கத்து நீளப் போல்ட்டை இப்போது கையால் மட்டும் இறுக்கி நிறுத்துங்கள். பால் ஜாயிண்ட் நட்டை முழுதாக முறுக்கலாம். நட்டைப் பூட்டும் காட்டர் பின்னின் ஓட்டை பொருந்தவில்லையென்றால் நட்டின் அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் முறுக்க வேண்டும், தளர்த்திப் பொருத்தக்கூடாது.

சக்கரம் தொங்கும் இந்த நிலையிலேயே காயிலுக்கும் மேல் ஆர்முக்கும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். உரசினால் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் டங்கென்று சத்தம் வரும்.

முறுக்கும் நேரம்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் சேஸியோடும் வெளிக்குழாய் ஆர்மோடும் இறுகி நிற்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது நடுவிலுள்ள ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போதே நட்டை முறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்த பிறகு ரப்பர் எந்நேரமும் முறுகியபடியே இருக்கும். சில நாள் வண்டியின் உயரம்கூடச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். பிறகு ரப்பர் கிழியும், உயரம் இறங்கும், காசு கொடுத்துப் பார்த்த அலைன்மெண்ட்டும் கலையும்.

ஆகவே மேல் ஆர்மின் நீளப் போல்ட்டை, கீழ் ஆர்முக்கடியில் பால் ஜாயிண்ட் அருகே ஜாக் வைத்து உயர்த்தி, முதலில் எழுதிய உயரம் வந்த பிறகு முறுக்குங்கள். ஸ்டேண்ட் சேஸிக்கடியில் அப்படியே இருக்கட்டும். சர்வீஸ் கையேட்டிலுள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால்தான் முறுக்க வேண்டும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு இந்தக் கவலை குறைவு. அதற்குக் கிரீஸ் தடவ வேண்டும், இல்லையென்றால் கிறீச்சிடும்.

கேம் போல்ட்

சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையிறக்கி, பம்பரை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். இரண்டு டயருக்கடியிலும் சோப்புத்தண்ணீர் தடவிய பிளாஸ்டிக் தாளை இரண்டிரண்டாக வையுங்கள். தரை டயரைப் பிடித்துக்கொண்டால் ஆர்ம் நகராது. நட்டை அரைச்சுற்று தளர்த்திவிட்டுப் போல்ட்டின் தலையைத் திருப்புங்கள்.

முன் போல்ட் உள்ளே போனாலும் பின் போல்ட் வெளியே வந்தாலும் கேஸ்டர் கூடும். இரண்டும் சேர்ந்து வெளியே போனால் சக்கரத்தின் அடிப்பக்கம் வெளியே தள்ளப்பட்டுக் கேம்பர் நெகட்டிவ் பக்கம் போகும். இரண்டும் உள்ளே போனால் பாசிட்டிவ். எனவே கேஸ்டர் குறைந்து கேம்பர் பாசிட்டிவாக இருந்தால் பின் போல்ட்டை மட்டும் வெளியே தள்ளிப் பாருங்கள். ஒரே அசைவில் இரண்டும் திருந்தும். கேஸ்டரைக் கூட்டினால் டயர் சற்று முன்னால் நகரும் என்பதால், ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்துப் பம்பரின் உட்புறத் தகட்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேம்பரைத் தூக்குக்குண்டாலேயே அளக்கலாம். மட்கார்டிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும், நூலுக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை எடுங்கள். விளிம்புகளுக்கிடையே 450 மில்லிமீட்டர் என்றால், 8 மில்லிமீட்டர் வித்தியாசம் சுமார் 1 டிகிரி. கேஸ்டருக்கு அலைன்மெண்ட் கருவி வேண்டும்.

முறுக்கும்போது போல்ட் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் வட்டு நட்டோடு சேர்ந்து சுற்றி எல்லாம் வீண்.

டோ கடைசியில்

கேஸ்டரையும் கேம்பரையும் தொட்டாலே டோ மாறிவிடும், அதனால் இது எப்போதும் கடைசி. டயர்களின் நடுக்கோட்டில் முன்னாலும் பின்னாலும் நாடாவால் அளந்து, முன்னளவு 1 முதல் 2 மில்லிமீட்டர் குறைவாக வைத்தால் அலைன்மெண்ட் கடை வரை ஓட்டிப் போகலாம்.

கடையில் அச்சடித்துத் தரும் தாளை வாங்குங்கள். கேஸ்டர் 3 டிகிரியை ஒட்டி இருந்தால் நெடுஞ்சாலையில் நிம்மதி. வண்டி கேஸ்டர் குறைந்த பக்கமாக இழுக்கும். நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிவதால், இடப்பக்கக் கேஸ்டர் வலத்தைவிட 0.3 டிகிரி போலக் கூடுதலாக இருப்பது பழுதல்ல. அரை டிகிரியைத் தாண்டினால் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள், அதன் பிறகு 1000 கிலோமீட்டரில் இன்னொரு முறை. பெயிண்ட் கோடு விலகியிருந்தால் கேம் வழுக்கியிருக்கிறது. டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் நெகட்டிவ் கேம்பரோ டோ அவுட்டோ, வெளி ஓரம் தேய்ந்தால் அதற்கு மறுதலை. ஆற்றில் இறங்கி வந்த வாரம் கேம் போல்ட்களைத் தண்ணீரால் கழுவி எண்ணெய் அடித்துவையுங்கள்.