தொடக்கப் பள்ளியில் டிஜிட்டல் படிநிலை வாசிப்பு: முதன்முறை தொடங்கும் ஆசிரியருக்கு

எந்தத் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலும் ஒரு பிள்ளை பாடத்தைச் சரளமாக வாசிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே பாடப்புத்தகம்தான். முதல் பிள்ளைக்கு அது போதவில்லை, இரண்டாவது பிள்ளைக்கு அது எட்டவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் இப்போதைய திறனுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் புத்தகத்தைக் கொடுத்து, படிப்படியாக ஏற்றிவிடுவதுதான் படிநிலை வாசிப்பு.

இதற்கு நிறையப் புத்தகங்கள் வேண்டும். ஒரு படிக்குப் பத்துப் புத்தகம் என்றாலும் நான்கு படிக்கு நாற்பது ஆகிவிடும். சிறிய பள்ளிகளின் அலமாரியில் அவ்வளவு இருக்காது. டிஜிட்டல் நூலகம் தீர்ப்பது இந்த ஒரு சிக்கலைத்தான். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்பதை எந்தத் திரையும் சொல்லாது, அதை ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் செயலியை நிறுவுவதிலிருந்து தொடங்காமல், பிள்ளை வாசிப்பதைக் கேட்பதிலிருந்து தொடங்குவோம்.

படி 1: ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைக் கேளுங்கள்

பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு சிறு கதையிலிருந்து ஐம்பது சொற்கள் கொண்ட பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி வேண்டும், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று உங்களுக்கு. பிள்ளை உரக்க வாசிக்கட்டும். தவறாக வாசித்த சொல்லுக்கு மேலே அது சொன்னதை எழுதுங்கள். விட்டுப்போன சொல்லை வட்டமிடுங்கள். தானே திருத்திக்கொண்டால் அதைத் தவறாகக் கணக்கிட வேண்டாம், ஓரத்தில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தன் வாசிப்பைத் தானே கவனிக்கும் பிள்ளை அது, நல்ல அறிகுறி.

நியூசிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் மேரி கிளே உருவாக்கிய முறையைத் தழுவியது இது. அவருடைய கணக்குப்படி, நூற்றுக்கு 95 சொற்களோ அதற்கு மேலோ சரியாக வாசித்தால் புத்தகம் எளிது. 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியர் துணையோடு கற்க ஏற்றது. 90-க்குக் கீழே போனால் கடினம். நம் ஐம்பது சொல் பகுதிக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: இரண்டு தவறு வரை எளிது, மூன்றிலிருந்து ஐந்து வரை சரியான படி, ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

'மழை' என்பதை 'மளை' என்று வாசித்தால் நான் அதைத் தவறாக எண்ண மாட்டேன். பல ஊர்களில் வீட்டில் பேசுவதே அப்படித்தான். பிள்ளை அந்தச் சொல்லை அடையாளம் கண்டுகொண்டது, பொருளும் தெரியும். உச்சரிப்பை வேறொரு வேளையில் பார்த்துக்கொள்ளலாம்.

வாசித்து முடித்ததும் கதையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒன்று கதையில் நேராக இருப்பது, இன்னொன்று 'ஏன்' என்று யோசிக்க வைப்பது. தவறே இல்லாமல் வாசித்துவிட்டு, என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள் உண்டு. அவர்களை அவசரமாக மேல் படிக்கு ஏற்ற வேண்டாம்.

ஒரு நாளைக்கு நான்கைந்து பிள்ளைகள் என்று வைத்தால் ஒரு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும்.

படி 2: புத்தகங்களைத் தேர்ந்தெடுங்கள்

தமிழில் தொடங்க எளிதான இடம் ஸ்டோரிவீவர். லாப நோக்கமில்லாத குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் தொடங்கிய இணைய நூலகம் இது. கட்டணம் கிடையாது. கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கலாம், அச்சிடலாம், சக ஆசிரியருக்குப் பகிரலாம். மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்து, பிறகு படியைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வந்துவிடும்.

அங்கே நான்கு படிகள் இருக்கின்றன. முதல் படியில் பழகிய சொற்கள் திரும்பத் திரும்ப வரும், கதை சுமார் 250 சொற்களுக்குள் முடியும். இரண்டாம் படி 600 சொற்கள் வரை, மூன்றாம் படி 1500 வரை போகும். நான்காம் படி அதற்கும் மேல், தானாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு.

இந்தச் சொல் கணக்கை மட்டும் நம்பித் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 'ஓடிக்கொண்டிருந்தது' என்பது கணக்கில் ஒரே சொல். எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கோ அது ஒரு நீண்ட பயணம், கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். மொழிபெயர்த்த கதைகளில் இது அதிகம் நடக்கும். மூல மொழியில் மூன்று குட்டிச் சொற்களாக இருந்தது தமிழில் ஒரே நெடுஞ்சொல்லாக வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு புத்தகத்தையும் நீங்களே ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் எத்தனை வரி, ஆறேழு எழுத்துக்கு மேல் நீளும் சொற்கள் எத்தனை, 'ஸ்', 'ஜ்', 'ஷ்' போன்ற எழுத்துகள் எவ்வளவு வருகின்றன, பெயர்கள் பிள்ளைகளுக்குப் பழகியவையா என்று கவனியுங்கள். முதல் படி என்று போட்டிருக்கும் புத்தகம் உங்கள் வகுப்புக்கு இரண்டாம் படியாக இருக்கலாம். அப்படித் தோன்றினால் தயங்காமல் மாற்றி வையுங்கள்.

ஒரு படிக்கு எட்டுப் பத்து புத்தகம் இருந்தால் தொடங்கப் போதும். கதை மட்டுமே எடுக்காமல் பூச்சிகள், மழை, சாப்பாடு, கணக்கு என்று தகவல் நூல்களும் கலந்து எடுங்கள். கதையில் ஆர்வம் காட்டாத சில பிள்ளைகள் எறும்பைப் பற்றிய புத்தகத்தைக் கீழே வைக்கவே மாட்டார்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகள் உங்களுக்குப் பழக்கம். வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வந்தன. இவை எதுவும் ஸ்டோரிவீவர் படிகளோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. மலர் பிரிவில் இருக்கும் பிள்ளைக்கு நேராக நான்காம் படி என்று முடிவு செய்துவிடாமல், பிள்ளை வாசித்ததை முதலில் கேட்டுக் குறித்தீர்களே, அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பு இயக்க நூல்கள் கையில் இருந்தால் நல்லது, திரை கிடைக்காத குழுவுக்கு அவை உதவும்.

படி 3: இணையம் இல்லாமலே ஓடும்படி செய்யுங்கள்

வகுப்பு நேரத்தில் இணையத்தை நம்ப வேண்டாம். தேர்ந்தெடுத்த எல்லாவற்றையும் முன்கூட்டியே பிடிஎஃப் கோப்பாக இறக்கி, டேப்பிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் என்றால் பழைய கருவியிலும் தமிழ் எழுத்து உடையாமல் தெரியும்.

படிக்கு ஒரு கோப்புறை. கோப்புறைக்கு 1, 2, 3 என்று எண் போடாதீர்கள். இரண்டே நாளில் 'நான் மூணு, நீ ஒண்ணு' என்று பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மரம், பறவை, நிறம் என்று ஏதாவது பெயர் வையுங்கள். படி என்பது புத்தகத்துக்கு ஒட்டும் அடையாளம், அதைப் பிள்ளையின் மேல் ஒட்டக் கூடாது.

திரை அளவையும் பாருங்கள். சிறிய கைபேசியில் 'ெ', 'ே' இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, மெய்யெழுத்தின் புள்ளி படத்தின் நிறத்தில் கரைந்துபோகும். எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு இது பெரிய தடை. போனைப் படுக்கை வாட்டில் பிடித்தால் எழுத்து கொஞ்சம் பெரிதாகும். ஸ்மார்ட் டிவியோ ஸ்மார்ட் போர்டோ இருந்தால் கீழ்ப் படிப் பிள்ளைகளை அங்கே வாசிக்கவிடுங்கள்.

படி 4: பாடவேளையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலான பள்ளிகளில் ஒன்றிரண்டு கருவிதான் இருக்கும். அது போதும். வகுப்பை மூன்று குழுவாக்கி, ஒரு குழு உங்களோடு, ஒரு குழு திரையோடு, ஒரு குழு அச்சுப் புத்தகத்தோடு என்று வையுங்கள். நாற்பது நிமிடப் பாடவேளை என்றால் ஒரு நாளில் இரண்டு சுற்று வரும், மூன்றாவது சுற்று மறுநாள். வாரத்துக்கு மூன்று நாள் செய்தால் நல்லது. ஈராசிரியர் பள்ளியில் பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருவது இதற்கு வசதிதான். வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் படியைப் பார்த்து இயல்பாகவே குழு அமைத்துவிடலாம்.

படி 5: உங்களோடு உட்காரும் குழு

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஐந்தாறு பிள்ளைகள், ஒரே புத்தகம், பதினைந்து நிமிடம்.

முதலில் அட்டைப் படத்தைக் காட்டி 'இதுல என்ன நடக்கும்னு நினைக்கிற?' என்று கேளுங்கள். பிள்ளைகள் பேச்சுத் தமிழில் பதில் சொல்லட்டும். கதையில் வரும் கடினமான இரண்டு மூன்று சொற்களை அந்தப் பேச்சுக்குள்ளேயே நீங்கள் பயன்படுத்திவிடுங்கள். அப்புறம் ஒவ்வொருவரும் தனக்குத்தானே மெல்லிய குரலில் முழுக் கதையையும் வாசிக்கட்டும். ஆளுக்கு ஒரு வரி என்று சுற்றிவரும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அதில் ஒரு பிள்ளை வாசிக்கும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள், கூச்சப்படும் பிள்ளை தன் வரி வருவதற்குள் வியர்த்துவிடும்.

ஒருவர் பக்கத்தில் குனிந்து அரை நிமிடம் கேளுங்கள், அடுத்தவரிடம் போங்கள். பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் உடனே சொல்லிக்கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். நீண்ட சொல் என்றால் விரலால் பாதியை மறைத்து 'முதல்ல இதை வாசி' என்று சொல்லுங்கள். 'ஓடி', அப்புறம் 'ஓடிக்கொண்டு', அப்புறம் முழுச்சொல். தமிழில் சொற்கள் இப்படி ஒட்டி ஒட்டி நீளுவதால், பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் பிள்ளைக்கு எந்தப் புத்தகத்திலும் உதவும்.

படி 6: குரலைக் கேட்கும் செயலிகள்

கூகுளின் ரீட் அலாங் போன்ற செயலிகள் பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, தடுமாறும் சொல்லை உச்சரித்துக் காட்டும். ரீட் அலாங் 2019-இல் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில் வந்தது, பிறகு தமிழும் சேர்ந்தது. 2022 கோடையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை இதை வைத்து வாசிப்பு மாரத்தானும் நடத்தியது.

தனியாகப் பயிற்சி செய்ய இது நல்ல துணை. ஆனால் வகுப்பு இரைச்சலில் சரியாக வாசித்த சொல்லையும் தவறு என்று காட்டலாம், வட்டார உச்சரிப்பிலும் தடுமாறலாம். ஆகவே தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ பயன்படுத்துங்கள். அது தரும் நட்சத்திரத்தை மதிப்பீடாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செயலி கணக்குக் கேட்டால் பிள்ளையின் முழுப் பெயரும் படமும் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளின் குரலையோ படத்தையோ பதிவு செய்வதற்கு முன் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 7: குறிப்பேடும் படி ஏற்றமும்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, புத்தகம், ஐம்பது சொல்லில் எத்தனை தவறு, எந்த வகைச் சொல்லில் நின்றது, கேள்விக்கு என்ன சொன்னது. மாதம் ஒருமுறை மீண்டும் கேளுங்கள்.

இரண்டு புத்தகங்கள் தொடர்ந்து எளிதாக இருந்து, கதையையும் சொல்லத் தெரிந்தால், மேல் படியில் ஒரு புத்தகம் கொடுத்துப் பாருங்கள். திணறினால் இறங்கிக்கொள்ளலாம். விடுமுறை முடிந்து வரும்போது ஒரு படி இறங்குவது இயல்பு.

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான ஒன்றிய அரசின் திட்டம் நிபுண் பாரத். அதன் வழிகாட்டுதல் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் என்று சொல்கிறது. நம் நீண்ட சொற்களை நினைத்தால் அந்த எண்ணைப் பிள்ளையின் தலைக்கு மேல் தொங்கவிடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வே மொழிக்கு மொழி தனித்தனி அளவுகோல் வைத்தது. கடிகாரத்தைப் பிள்ளை பார்க்காதபடி வைத்துக்கொண்டு, போன மாதத்தோடு இந்த மாதத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

மேல் படிப் புத்தகத்தை ஆசையாகக் கேட்கும் பிள்ளைக்கு 'இது உனக்கு இல்லை' என்று சொல்லவே கூடாது. கொடுத்துவிடுங்கள். படம் பார்க்கட்டும், தெரிந்த வரியை வாசிக்கட்டும், மீதியை நீங்களோ ஒரு அக்காவோ வாசித்துக்காட்டலாம்.

படி 8: வீட்டுக்கு

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு கதையைத் திரையில் போட்டு, பிள்ளைகளை வாசிக்கவிட்டுக் காட்டுங்கள். வாட்ஸப் குழுவில் வாரம் ஒரு பிடிஎஃப் அனுப்பலாம், டேட்டா தீராதபடி சிறிய கோப்பாகப் பார்த்து அனுப்புங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு அதே கதையைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாத பெற்றோரிடம், 'பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், கடைசியில் கதை என்னவென்று கேளுங்கள், அது போதும்' என்று சொல்லுங்கள்.

ஆண்டு முடிவில் அந்த நோட்டையும் பென் டிரைவையும் அடுத்த வகுப்பு ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள். ஜூன் மாதம் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.