அம்மாவின் அளவு நோட்டும் என் முதல் கிளாஸும்

"வெப் வேலைக்கு எந்த லாங்குவேஜ் படிக்கலாம் அக்கா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முதலில் யாருக்கு, என்ன செய்து கொடுக்கப் போகிறீர்கள்? பதில் இருந்தால் பாதித் தேர்வு முடிந்தது.

என் பதில் அம்மாவின் தையல் கடை. தீபாவளி நெருங்கினால் அளவு நோட்டைப் புரட்டியே அவருக்குப் பொழுது போகும். அதை வெப்பில் ஏற்ற நினைத்தேன். கையிலிருந்த ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வர்) பிஎச்பி லாங்குவேஜும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் தயாராக இருந்தன; கோப்பை ஏற்றினால் பக்கம் ஓடும். அதனால் பிஎச்பி. டேட்டா சயின்ஸிலும் கண் வைத்திருப்பவருக்குப் பைத்தானும் அதன் வெப் ஃப்ரேம்வொர்க்கான (ஆயத்தக் கட்டமைப்பு) ஜாங்கோவும் பொருந்தும். பெரிய நிறுவன வேலைதான் குறி என்றால் ஜாவாவும் அதன் ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங்கும். ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்காக எப்படியும் வேண்டியிருக்கும். எதை எடுத்தாலும் ஆறு மாதம் தாவாதீர்கள்.

பிஎச்பி என்றால் பாடத்தின் வயதைப் பாருங்கள். 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்டபோது அது சொந்த வலைப்பக்கத்துக்கான சிறு கருவி. ஆப்ஜெக்ட் முறை (தகவலையும் அதை வைத்துச் செய்யும் வேலையையும் ஒன்றாகக் கட்டி எழுதுவது) ஒழுங்காக அமைந்தது 2004இல் பிஎச்பி 5 வந்தபோது. 2020இல் வந்த பிஎச்பி 8ஐ வைத்து எழுதிய பாடத்தையே எடுங்கள்.

ஆப்ஜெக்ட் முறையில் எழுத, கம்ப்யூட்டரைத் திறக்குமுன் ஒரு தாளில் கடையில் புழங்கும் பெயர்ச்சொற்களை எழுதுங்கள். வாடிக்கையாளர், அளவு, ஆர்டர், ரசீது: இவை கிளாஸ்கள், அதாவது ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சுகள். ஆர்டர் பாக்கியைக் கணக்கிடும், டெலிவரி தேதி சொல்லும்: இவை மெத்தட்கள், அதாவது கிளாஸுக்குள் எழுதும் வேலைகள். பாக்கித் தொகையை வெளியிலிருந்து யாரும் நேராக மாற்றக் கூடாது. முன்பணம் வாங்கும் மெத்தட் வழியாகத்தான் அது குறைய வேண்டும். என்காப்சுலேஷன் என்பது இதுதான்.

இன்ஹெரிடன்ஸில், அதாவது ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றை இறக்குவதில்தான் நிதானம் வேண்டும். நான் 'உடுப்பு' கிளாஸிலிருந்து 'பிளவுஸ்', அதிலிருந்து 'லைனிங் பிளவுஸ்' என்று இறக்கிக்கொண்டே போனேன். லைனிங் வைத்த சுடிதார் ஒன்று வந்தது. லைனிங் கூலிக் கணக்கு பிளவுஸுக்குள் மாட்டிக்கொண்டிருந்ததால் சுடிதாருக்கும் அதையே மறுபடி எழுத வேண்டியதாயிற்று. இரண்டு நாள் யோசித்துவிட்டு அம்மாவின் ரசீதைப் பார்த்தேன். லைனிங்குக்கு அவர் எப்போதும் தனி வரிதான் போடுவார். நானும் அதைத் தனி கிளாஸாக்கி, எந்த உடுப்புக்குள்ளும் வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். 'சுடிதார் ஒரு உடுப்பு' என்று சொல்ல முடிந்தால் இன்ஹெரிடன்ஸ். 'சுடிதாருக்கு லைனிங் உண்டு' என்றால் உள்ளே வைத்துக்கொள்வதே சரி.

பிஎச்பியில் ஒன்று புதியவர்களைத் திணறடிக்கும். வழக்கமான ஹோஸ்டிங்கில் ஒரு ரிக்வெஸ்ட் (பிரவுசர் சர்வரிடம் பக்கம் கேட்பது) முடிந்ததும் அதில் உருவான ஆப்ஜெக்ட்கள் எல்லாம் அழிந்துவிடும். சேர்த்த ஆர்டர் ரிஃப்ரெஷ் செய்ததும் காணோமே என்று தேடாதீர்கள். டேட்டாபேஸில் எழுதி, அடுத்த ரிக்வெஸ்ட்டில் மீண்டும் உருவாக்க வேண்டும். அதற்குப் பிடிஓவும் (டேட்டாபேஸோடு பேச பிஎச்பி தரும் வழி) பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டும் (கட்டளையையும் அதில் சேரும் மதிப்புகளையும் பிரித்தே கொடுப்பது) கற்றுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தட்டிய பெயரை க்வெரியோடு (டேட்டாபேஸுக்கான கட்டளை) நேராக ஒட்டினால் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனுக்கு, அதாவது வேறொருவர் தன் கட்டளையை நுழைப்பதற்கு, வாசல் திறந்துவிடும்.

இவ்வளவும் கையால் எழுதி ஓடிய பிறகு லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கைத் திறங்கள். அதன் மாடல் (டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸ்) ஒன்றைச் சேமிக்கும்போது, நீங்கள் வரி வரியாக எழுதிய க்வெரியைத்தான் அது உங்களுக்காக எழுதுகிறது என்று பார்த்ததுமே தெரியும்.