வலை வடிவமைப்பாளருக்கு உதவும் உலாவி நீட்சிகள்: தேர்வும் பயன்பாடும்

உலாவியில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரலே நீட்சி. எந்த நீட்சியை நிறுவுவதற்கு முன்பும், அந்த வசதி உலாவியிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. முழுப் பக்கத்தையும் படமெடுக்க ஃபயர்ஃபாக்ஸில் வலச்சொடுக்குப் பட்டியலே போதும். குரோமில் பக்கத்தின் உள்ளமைப்பை ஆராய உதவும் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி விசைகளைச் சேர்த்து அழுத்தி, தோன்றும் பெட்டியில் ஸ்கிரீன்ஷாட் என ஆங்கிலத்தில் தட்டச்சிட்டால் அதற்கான கட்டளைகள் வரும். அன்றாடம் ஏராளமான பக்கங்களைப் படமெடுப்பவருக்கு மட்டுமே கோஃபுல்பேஜ் போன்ற தனி நீட்சி தேவைப்படும்.

நிறங்களுக்குக் கலர்ஜில்லா நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. அதன் சின்னத்தை அழுத்தி, பக்கத்தில் விரும்பிய இடத்தைச் சொடுக்கினால் அங்குள்ள நிறத்தின் குறியீடு நகலாகிவிடும். ஒளிப்படங்களுக்கும் பின்னணிகளுக்கும் இது பொருத்தமானது. எழுத்தின் நிறத்தை அறிய இதை நம்பக் கூடாது. எழுத்தின் விளிம்புகளை மென்மையாக்குவதற்காக உலாவி அங்கே பின்னணி நிறத்தையும் கலந்துவிடுவதால், மெல்லிய எழுத்தில் நீங்கள் எடுப்பது பெரும்பாலும் கலவை நிறமாகவே இருக்கும். அதற்கு டெவலப்பர் கருவிகளில் உள்ள நிற மதிப்பையே பார்க்க வேண்டும்.

நிறத்தை எடுத்தபின் அது படிக்கத்தக்கதா என்பதையும் சோதிக்க வேண்டும். வலைப்பக்கங்களை எல்லோரும் அணுகுவதற்கான டபிள்யூசிஏஜி விதிகளின் ஏஏ நிலைப்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளிர்வு வேறுபாடும், பெரிய எழுத்துக்கு 3:1 வேறுபாடும் இருத்தல் வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற சாம்பல் நிறம் ஏறத்தாழ 4.48 பெற்றுத் தோற்றுவிடுகிறது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத #767676 தேறிவிடுகிறது. வெப்எய்ம் அமைப்பின் வேவ் நீட்சி இத்தகைய இடங்களைப் பக்கத்தின் மீதே குறித்துக் காட்டும். ஆனால் படத்தின் மேல் அமைந்த எழுத்துகளை அதனால் சரியாகக் கணிக்க இயலாது. அவற்றை நீங்களே பார்த்தாக வேண்டும்.

எழுத்துருவை அறிய வாட்ஃபான்ட் எளிய கருவி: சுட்டியை எழுத்தின் மேல் கொண்டுசென்றால் பெயரும், சொடுக்கினால் அளவும் வரி உயரமும் தெரியும். தமிழ்ப் பக்கங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வடிவமைப்பாளர் குறிப்பிட்ட எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லையெனில், உலாவி சத்தமின்றிக் கணினியிலுள்ள வேறொன்றை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது நிர்மலா யூஐ ஆக இருக்கலாம், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழாக இருக்கலாம். நீட்சி காட்டும் பெயரும் திரையில் தெரியும் எழுத்தும் வேறுபடக்கூடும் என்பதால், குரோமின் டெவலப்பர் கருவிகளில் கம்ப்யூட்டட் பகுதியின் அடியில் காணப்படும், உண்மையில் பயன்பட்ட எழுத்துருக்களின் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மாவில் வரைந்ததும் நிரலாளர் உருவாக்கியதும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கப் பெர்ஃபெக்ட்பிக்சல் உதவும். வடிவமைப்பை ஒரு மடங்கு அளவில் படமாக ஏற்றுமதி செய்து, நீட்சியில் ஏற்றி, ஒளிபுகும் தன்மையைப் பாதியாக வைத்துப் பக்கத்தின் மேல் பொருத்துங்கள். இரு மடங்கு அளவில் ஏற்றுமதி செய்தால் எதுவும் பொருந்தாது. எழுத்துகளில் தெரியும் நுண்ணிய விலகல்களை விட்டுவிடலாம். ஃபிக்மாவும் உலாவியும் எழுத்தை வரையும் முறை வேறு. இடைவெளிகளும் நெடுவரிசைகளும் பொருந்துகின்றனவா என்பதே கேள்வி. சிறு மாற்றங்களைப் பக்கத்திலேயே செய்து பார்க்க விஸ்பக் என்ற நீட்சி உண்டு. பக்கத்தை மீண்டும் ஏற்றினால் அம்மாற்றங்கள் மறைந்துவிடும்.

இவற்றுள் பல, எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். பக்கங்களின் தோற்றத்தை மாற்றப் பலரும் பயன்படுத்திய ஸ்டைலிஷ் நீட்சி, பயனரின் உலாவல் வரலாற்றைச் சேகரித்தது வெளிப்பட்டு, 2018-இல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் அங்காடிகளிலிருந்து அகற்றப்பட்டது. எனவே குரோமில் நீட்சியின் தள அணுகலைச் சொடுக்கும்போது மட்டும் என்று மாற்றிவையுங்கள். வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் திறக்கும் உலாவிச் சுயவிவரத்தில் (புரொஃபைல்) இவற்றை நிறுவாமல், வடிவமைப்பு வேலைக்கெனத் தனிச் சுயவிவரம் வைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பானது. உங்கள் கணினியிலுள்ள எச்டிஎம்எல் கோப்பில் நீட்சி வேலை செய்யவில்லையெனில், நீட்சிகளின் மேலாண்மைப் பக்கத்தில் கோப்பு முகவரிகளை அணுகும் அனுமதியைத் தனியே இயக்க வேண்டும்.