பழைய சிரிலிக் ஏட்டை இன்றைய ரஷ்ய மொழியாக வாசிக்காதீர்கள்

ரஷ்ய மொழி படித்தவர்கள், அதே சிரிலிக் எழுத்தில் எழுதிய பழைய ஸ்லாவிய ஏட்டைக் கையில் எடுத்ததும் முதலில் இடறுவது யேர் என்ற எழுத்தில்தான். இன்றைய ரஷ்ய மொழியில் கடின யேர் (ъ), மென் யேர் (ь) இரண்டுக்கும் தனி ஒலி கிடையாது. அந்தப் பழக்கத்தில் ஏட்டிலும் அவற்றை விழுங்கிவிடுகிறார்கள். ஆனால் 10ஆம் நூற்றாண்டில் அவை உயிரெழுத்துகள். முன்னது குறுகிய உகரத்திலிருந்து வந்தது, பின்னது குறுகிய இகரத்திலிருந்து. குற்றியலுகரமும் குற்றியலிகரமும் தெரிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

'நாள்' என்பதற்கான பழைய சொல்லில் நான்கே எழுத்துகள்: த், மென் யேர், ன், மென் யேர். பிற்காலத்தில் கடைசி யேர் தேய்ந்து ஒலி இழந்தது, அதற்கு முந்தையது எகரமாக வலுத்தது. அதுதான் இன்றைய 'த்யேன்'. வேற்றுமை உருபு சேர்ந்தால் 'த்ன்யா' ஆகி அந்த எகரம் காணாமல் போகிறதே, அதற்கும் காரணம் இந்த யேர்தான். இதை மட்டும் பிடித்துக்கொண்டால், விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்தவற்றில் பாதிக்கு அர்த்தம் கிடைத்துவிடும்.

அடுத்தது யூஸ் என்ற எழுத்து. பெரிய யூஸை (ѫ) 'உ' என்றும் சிறிய யூஸை (ѧ) 'யா' என்றும் வாசிக்கிறார்கள். முதலில் அவை மூக்கொலி ஏறிய ஒகரமும் எகரமும். 'பல்' என்பது போலிஷில் 'ஸோம்ப்', ரஷ்ய மொழியில் 'ஸூப்'. போலிஷ் காப்பாற்றி வைத்திருக்கும் அந்த மூக்கொலிக்குத்தான் பெரிய யூஸ். பல்கேரியர்கள் ஒலி மாறிய பிறகும் 1945 வரை அந்த எழுத்தை விடவில்லை. அப்புறம், ஏடு எங்கே எழுதப்பட்டது என்றும் பாருங்கள். 1056-57இல் எழுதப்பட்ட ஒஸ்த்ரோமிர் நற்செய்தி ஏட்டிலேயே எழுதியவர் யூஸையும் உகரத்தையும் மாற்றி மாற்றிப் போடுகிறார். அவர் கிழக்கு ஸ்லாவியர், அதாவது ரஷ்யர், உக்ரேனியர் ஆகியோரின் முன்னோர்; அவர்கள் பேச்சில் மூக்கொலி அதற்குள் போய்விட்டது.

கூட்டெழுத்துகளில் ஊக் (оу) நிறையப் பேரை ஏமாற்றும். ஒகரமும் உகரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒலி ஒரே 'உ'தான். கிரேக்க எழுத்து வழக்கம் அப்படியே வந்தது. சில இடங்களில் உகரம் ஒகரத்தின் தலைமேல் ஏறி நிற்கும். இரண்டு வடிவங்களுக்கும் கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் முதலில் ஒரே குறியீடுதான் இருந்தது. 2008இல் தலைமேல் ஏறியதற்குத் தனி இடம் கிடைத்தது. பக்கத்தில் நிற்பதை இரண்டு எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். பழைய ஒற்றைக் குறியீட்டைப் போட்டால், ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக அடித்த கதைதான்: கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் அகப்படாது.

'யூ' (ю) எழுத்தைப் பார்த்து 'யோ' என்று பிரிக்காதீர்கள். இகரக் கோட்டோடு ஒட்டியிருப்பது ஊக், அதன் பின்பாதி உதிர்ந்துவிட்டது. 'இய்' போல ஒலிக்கும் யேரி (ы) என்ற எழுத்தில் இன்று மென் யேர் தெரிந்தாலும், பழைய ஏடுகளில் இருப்பது கடின யேர்.

இவற்றையெல்லாம், ஸ்லாவியரிடம் கிறிஸ்தவம் பரப்பிய துறவி சிரில் உருவாக்கினார் என்று எழுதுவதும் தவறு. 869இல் இறந்த அவர் தந்தது கிளகொலித்திக் என்ற வேறொரு ஸ்லாவிய எழுத்து. சிரிலிக் பல்கேரியாவில் அவருடைய சீடர்கள் வழிவந்தவர்களின் கையில் உருவானது.

பல கண் ஒகரத்தையும் பழைய சிரிலிக் அகரவரிசையில் சேர்க்காதீர்கள். 1429ஐ ஒட்டிய ஒரே ஒரு விவிலியச் சங்கீத (திருப்பாடல்) ஏட்டில், 'பல கண்ணுடைய சேராபீன்கள்' என்று தேவதூதர்களைக் குறிக்கும் தொடரில், எழுதியவர் ஒகரத்துக்குள் கண்களை வரைந்து வைத்தார். யூனிகோடு அதை 2008இல் ஏழு கண்ணோடு சேர்த்தது. ஏட்டில் இருப்பது பத்து. 2022இல் திருத்தினார்கள்.